எந்த ப்ராசஸ் எந்த மெசினில ஓடுது? எம்பிஐ எழுதுற ஆக்களுக்கு முழுமையான வழிகாட்டி

"மாமா, 2, 6, 10, 14, இந்த நாலு மட்டும் ஏன் இப்பிடி ஊருது?"

கேட்டது அக்காவின்ர மகன், அறிவியல் நகர் எஞ்சினியரிங் பீடத்தில கடைசி வருசம். 2018 டிசம்பர் வெள்ளத்தில இரணைமடு வான்கதவு திறந்துவிட்ட நேரம் கீழ இருக்கிற வயலுகளுக்குள்ள தண்ணி எப்பிடிப் பரவியிருக்கும் எண்டு கொம்பியூட்டரில ஓட்டிப் பாக்கிறதுதான் அவன்ர ப்ராஜெக்ட். இடம் முழுக்க 16,000 வரிசை, 10,000 நிரல் கட்டமா வெட்டி, அதை 16 துண்டாக்கி, துண்டுக்கு ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டு இருக்கிற ப்ரோகிராமின்ர ஒரு பிரதி) எண்டு எம்பிஐயில, அதாவது கன ப்ராசஸுகள் ஒண்டுக்கொண்டு மெசேஜ் அனுப்பிச் சேர்ந்து வேலை செய்யிற முறையில, எழுதியிருந்தான். ஓட்டுறது பரந்தனில எங்கட வீட்டு விறாந்தையில, செகண்ட் ஹாண்டா வாங்கின நாலு டெஸ்க்டொப், ஒவ்வொண்டிலயும் 4 கோர், நடுவில ஒரு கிகாபிட் சுவிச்.

ரேங்க் 0, அதாவது 0 ஆம் நம்பர் ப்ராசஸ்தான் எல்லாருக்கும் துண்டைப் பிரிச்சு அனுப்புறது. ஒருத்தருக்கு 1,000 வரிசை, நம்பருக்கு 8 பைட், அப்ப 80 மெகாபைட். அனுப்ப எடுக்கிற நேரத்தை அச்சடிச்சுப் பாத்தா 4, 8, 12 க்கு கண்ணை மூடித் திறக்க முன்னம் போகுது, மிச்சப் பேருக்கு ஒரு செக்கனுக்குள்ள போகுது, ஆனா 2, 6, 10, 14 க்கு மட்டும் 7 செக்கனுக்குக் கிட்ட. அவன் ரெண்டு நாள் கோடை நோண்டிக்கொண்டு இருந்தவன், நான் வந்து கேட்ட முதல் கேள்வி "உந்த 2 ஆம் நம்பர் எந்த மெசினிலயடா ஓடுது?" எண்டதுதான். அவனுக்குத் தெரியேல்ல. உண்மையைச் சொன்னா எனக்கும் தெரியேல்ல, ரெண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடிச்சனாங்கள், அந்த வழியைத்தான் இதில எழுதுறன்.

ஒரு விசயம் முதலே சொல்லிப்போடுறன். கொமாண்ட், ஃபங்ஷன் பேர் எல்லாத்தையும் தமிழ் எழுத்தில, வாயால சொல்லுற மாதிரித்தான் எழுதியிருக்கு. டேர்மினலில அடிக்கேக்க இங்கிலீஷில அடியுங்கோ, வாசிச்சா எது எண்டு விளங்கும்.

ரேங்க் எண்டது ஆளின்ர நம்பர், வயலின்ர நம்பர் இல்லை

இதை வடிவா மண்டைக்குள்ள ஏத்தாட்டி மிச்சம் ஒண்டும் விளங்காது. அறுவடைக்கு 16 பேரைக் கூட்டிக்கொண்டு போறீங்கள், ஆளுக்கு ஒரு நம்பர் குடுக்கிறீங்கள், 0 இலயிருந்து 15 வரைக்கும். உங்களிட்ட நாலு இடத்தில வயல் கிடக்கு. 6 ஆம் நம்பர் ஆள் இப்ப எந்த வயலில நிக்கிறார் எண்டு அந்த நம்பரைப் பாத்துச் சொல்லேலுமோ? ஏலாது. ஆர் ஆக்களை ட்ராக்டரில ஏத்தி இறக்கினதோ, அவர் எந்த ஒழுங்கில இறக்கினார் எண்டதில இருக்கு கதை. எம்பிஐயில அந்த ட்ராக்டர்காரர், ப்ராசஸுகளைத் தொடக்கிவிடுற எம்பிஐரன் எண்ட கொமாண்ட். எம்பிஐ ஸ்டாண்டர்ட் 1994 இல வந்த காலத்திலயிருந்து ரேங்க் எண்டது ஒரு குழுவுக்குள்ள வாற வரிசை நம்பர் மட்டும்தான், அதுக்குள்ள மெசின் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அதால "4 கோர் மெசின், அப்ப 0, 1, 2, 3 முதல் மெசினிலதான் இருக்கும்" எண்டு ஊகிச்சுக் கோட் எழுதாதேங்கோ. கன நேரம் அது சரியா இருக்கும், அதுதான் கரைச்சல், சரியா இருந்து இருந்து ஒரு நாள் பிழைக்கும். கேக்க வேண்டியது அந்தந்த ப்ராசஸிட்டத்தான், அதுவும் அது ஓடிக்கொண்டு இருக்கேக்க.

படி 1: ப்ரோகிராமைத் தொட முதல், ஹோஸ்ட்நேமை ஓட்டுங்கோ

கனபேருக்குத் தெரியாத விசயம், எம்பிஐரன் எம்பிஐ ப்ரோகிராமைத்தான் ஓட்டும் எண்டில்லை. லினக்ஸில கிடக்கிற எந்தக் கொமாண்டையும் அது ஓட்டும். அப்ப "எம்பிஐரன் மைனஸ் என்பி 16 ஹோஸ்ட்நேம்" எண்டு, உங்கட ஹோஸ்ட்ஃபைலையும் (எந்தெந்த மெசினில ஓட்டலாம் எண்ட லிஸ்ட்) குடுத்து அடிச்சா 16 வரி வரும், ஒவ்வொண்டிலயும் அந்த ப்ராசஸ் நிக்கிற மெசின்ர பேர். கொம்பைல் பண்ணத் தேவையில்லை, 10 செக்கன் வேலை. நான் இப்ப புது செட்டப் எதைத் தொட்டாலும் முதல் இதைத்தான் அடிக்கிறது.

நாங்கள் அடிச்சா என்ன வந்தது தெரியுமோ? 16 வரியிலயும் ஒரே பேர்.

உடன மருமகன் "அப்ப எல்லாம் ஒரே மெசினிலதான் ஓடுது மாமா" எண்டான். அப்பிடி நடக்கிறதும் உண்டு, அதை முதல் சொல்லுறன். எம்பிசிஹெச்சும் ஓப்பன் எம்பிஐயும் எம்பிஐயை ஓட்டுற ரெண்டு வேற சொஃப்ட்வெயர். எம்பிசிஹெச் பாவிக்கிற ஆக்கள் ஹோஸ்ட்ஃபைல் குடுக்க மறந்தா அது ஒண்டும் சொல்லாமல் 16 ஐயும் நீங்கள் இருக்கிற மெசினிலயே ஓட்டிப்போடும். ஓப்பன் எம்பிஐ கொஞ்சம் கண்டிப்பு, 4 கோர் மெசினில 16 கேட்டா ஸ்லொட் (ஒரு ப்ராசஸுக்கான இடம்) காணாது எண்டு எரர் அடிக்கும், ஆனா அந்த எரர் வந்த உடன எங்கட ஆக்கள் இன்ரநெட்டில தேடி ஓவர்சப்ஸ்க்ரைப் எண்ட ஒப்ஷனைப் போட்டு எரரை வாயடைச்சுப் போடுவினம், பிறகு நாலு மெசின் வாங்கின காசுக்கு மூண்டு மெசின் சும்மா காத்தாடிக்கொண்டு நிக்கும்.

எங்கட கேஸ் அது இல்லை, ஏனெண்டா நாலு மெசின்ர ஃபேனும் இரைஞ்சு கொண்டு இருந்தது. பிரச்சினை வேற.

படி 2: மெசினுகளுக்கு வேற வேற பேர் இருக்கோ எண்டு பாருங்கோ

ஒரு மெசினில லினக்ஸ் போட்டு, தேவையானதெல்லாம் இன்ஸ்டோல் பண்ணி, அந்த டிஸ்கை அப்பிடியே மற்ற மூண்டுக்கும் க்ளோன் பண்ணினது நான்தான். நேரம் மிச்சம் எண்டு செய்த வேலை. டிஸ்க் க்ளோன் ஆனா ஹோஸ்ட்நேமும் க்ளோன் ஆகும் எண்டு அந்த நேரம் ஓடேல்ல. நாலு மெசினும் ஒரே பேரில, நாலு பிள்ளைக்கும் ஒரே பேர் வச்சு வாசலில நிண்டு கூப்பிட்ட மாதிரி. ஹோஸ்ட்ஃபைலில நாங்கள் ஐபி அட்ரஸ் போட்டிருந்தபடியால வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனா இப்பிடி ஒரே பேர் இருந்தா சில நேரம் எம்பிஐயே குழம்பி, தள்ளி இருக்கிற ப்ராசஸைப் பக்கத்தில இருக்கெண்டு நினைச்சுத் தொங்கிப்போய் நிக்கவும் கூடும்.

இப்பிடிச் சந்தேகம் வந்தா ஹோஸ்ட்நேமுக்குப் பின்னால மைனஸ் போட்டு கப்பிட்டல் ஐ குடுத்து ஓட்டுங்கோ, பேருக்குப் பதிலா ஐபி அட்ரஸ் வரும். எங்களுக்கு நாலு வேற ஐபி வந்தது, அப்பதான் மூச்சு வந்தது. இன்னும் உறுதியா வேணுமெண்டா நெட்வேர்க் கார்டின்ர மாக் அட்ரஸ், சிஸ் ஃபோல்டருக்குள்ள கிளாஸ், நெட், பிறகு கார்டின்ர பேர், அதுக்குள்ள அட்ரஸ் எண்ட ஃபைலில கிடக்கும், அது கார்டோட வாறதால டிஸ்க் க்ளோன் பண்ணி மாறாது. ஈடிசி ஃபோல்டருக்குள்ள இருக்கிற மெசின்-ஐடி ஃபைலை நம்பாதேங்கோ, அதுவும் டிஸ்கோட சேர்ந்து கொப்பி ஆகியிருக்கும்.

பேர் மாத்துறது லேசு. ஒவ்வொரு மெசினிலயும் "ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்" எண்டு அடிச்சு புதுப் பேரைக் குடுக்கிறதுதான். நாங்கள் குளத்துப் பேர் வச்சனாங்கள்: இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம். நோட்1, நோட்2 எண்டும் வைக்கலாம், ஆனா ரேங்க் நம்பரும் நோட் நம்பரும் ஒரே அவுட்புட்டில வந்தா இரவு 12 மணிக்கு எது எது எண்டு கண் பிடிபடாது, அதால எழுத்தில பேர் வைக்கச் சொல்லித்தான் நான் சொல்லுவன்.

பேர் மாத்தின பிறகு ஈடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் ஒருக்காப் பாருங்கோ. உபுண்டு, டெபியனில மெசின் தன்ர சொந்தப் பேரை 127.0.1.1 எண்ட அட்ரஸோட கட்டி வச்சிருக்கும். அது தன்னைத்தானே பாத்துக் கதைக்கிற அட்ரஸ், வெளி மெசினுக்குப் பிரயோசனமில்லை. அந்த வரியை எடுத்துப்போட்டு நாலு மெசின்ர உண்மையான ஐபியையும் பேரையும் நாலு மெசினிலயும் ஒரே மாதிரி எழுதி விடுங்கோ. ஒரு மெசினிலயிருந்து மற்றதுக்குள்ள பாஸ்வேர்ட் கேக்காமல் போக விடுற எஸ்எஸ்ஹெச், ப்ரோகிராம் ஃபைல் எல்லா மெசினிலயும் ஒரே பாதையில இருக்கிறது, இதெல்லாம் ஏற்கனவே செய்திருப்பீங்கள், இல்லாட்டி படி 1 ஏ ஓடியிருக்காது.

படி 3: ப்ரோகிராமுக்குள்ளயே கேளுங்கோ

வெளியில இருந்து ஹோஸ்ட்நேம் ஓட்டினது சும்மா ஒத்திகைதான், உங்கட உண்மையான ரன்னில அதே ஒழுங்கு வரும் எண்டு நிச்சயமில்லை, ஒப்ஷன் ஒண்டு மாறினாலே காணும். அதால ப்ரோகிராமே தன்ர இடத்தைச் சொல்ல வேணும்.

இதுக்கெண்டு எம்பிஐயில இருக்கிற ஃபங்ஷன் எம்பிஐ_கெட்_ப்ராசஸர்_நேம். ப்ராசஸர் நேம் எண்டு பேர் இருந்தாலும் சிபியு மொடல் வரும் எண்டு நினைக்காதேங்கோ, லினக்ஸில அனேகமா மெசின்ர ஹோஸ்ட்நேம்தான் வரும். எம்பிஐ_இனிட் கூப்பிட்ட பிறகு, எம்பிஐ_மேக்ஸ்_ப்ராசஸர்_நேம் எண்ட அளவில ஒரு கேரக்டர் அரே எடுத்து, அதையும் நீளத்துக்கு ஒரு இன்டிஜரையும் குடுத்துக் கூப்பிட வேணும். அந்த அளவை நீங்களா 20, 30 எண்டு போடாதேங்கோ, ஓப்பன் எம்பிஐயில அது 256, எம்பிசிஹெச்சில 128, உங்கட அரே சின்னனா இருந்து பேர் நீளமா வந்தா பக்கத்து மெமரியில ஏறி எழுதிப்போடும், அந்தப் பிழையைத் தேடுறதைவிட வைக்கோல் போருக்குள்ள ஊசி தேடலாம்.

பைதனில எம்பிஐ4பை பாவிக்கிற ஆக்களுக்கு ஒரே வரி, எம்பிஐ டொட் கெட்_ப்ராசஸர்_நேம், அடைப்புக்குறிக்குள்ள ஒண்டும் தேவையில்லை.

கெட்ஹோஸ்ட்நேம் எண்ட சாதாரண சிஸ்டம் ஃபங்ஷனையும் பாவிக்கலாம், எம்பிஐ இல்லாத ப்ரோகிராமிலயும் அது வேலை செய்யும். ஆனா பேர் நீளமா இருந்து உங்கட அரேக்குள்ள அடங்காட்டி கடைசியில முடிவைக் காட்டுற நல் கேரக்டர் (பூச்சியம்) வருமோ வராதோ எண்டு ஸ்டாண்டர்ட் உறுதி சொல்லேல்ல. கூப்பிட்ட பிறகு கடைசி இடத்தில நீங்களே ஒரு பூச்சியத்தைப் போட்டு விடுங்கோ.

இனி அச்சடிக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸும் தானே ப்ரின்ட்எஃப் போட்டா என்ன நடக்கும் எண்டா, 11 முதல் வரும், பிறகு 3, பிறகு 0, திருப்பி ஓட்டினா வேற ஒழுங்கு. பேரியர் (எல்லா ப்ராசஸும் வந்து சேருமட்டும் நிப்பாட்டி வைக்கிற ஃபங்ஷன்) போட்டா சரியாகும் எண்டு கனபேர் சொல்லுவினம், சரியாகாது, பேரியர் ப்ராசஸை நிப்பாட்டுமே தவிர அச்சடிச்ச எழுத்துகள் நெட்வேர்க்கால வந்து சேருற ஒழுங்கைக் கட்டுப்படுத்தாது. சரியான வழி எல்லாப் பேரையும் ரேங்க் 0 இட்ட சேர்க்கிறது. பேர் எல்லாத்தையும் ஒரே நீள அரேயில வச்சுக்கொண்டு எம்பிஐ_கேதர் கூப்பிட்டா ரேங்க் 0 இட்ட 16 பேரும் ரேங்க் ஒழுங்கிலயே வந்து நிக்கும், அது லூப் போட்டு ஒண்டொண்டா அச்சடிக்கும். அரேயை முதல்லயே பூச்சியத்தால நிரப்பி வையுங்கோ, இல்லாட்டி பேருக்குப் பின்னால குப்பை எழுத்து வரும்.

எங்கட லிஸ்ட் அப்பதான் முதல் முறையா வடிவா வந்தது. 0 இரணைமடு, 1 அக்கராயன், 2 முத்தையன்கட்டு, 3 வவுனிக்குளம், 4 திருப்பி இரணைமடு, 5 அக்கராயன், 6 முத்தையன்கட்டு. அதுக்குமேல வாசிக்கத் தேவை இருக்கேல்ல. 2, 6, 10, 14 நாலும் முத்தையன்கட்டு. 4, 8, 12 ஏன் அவ்வளவு கெதியாப் போனது எண்டும் அதோட விளங்கிச்சுது, அது மூண்டும் ரேங்க் 0 இருக்கிற இரணைமடுவிலயே இருக்கு, கேபிளைத் தொடாமல் மெமரிக்குள்ளாலயே போகுது. கோடில ஒரு பிழையும் இல்லை, ரெண்டு நாள் வீண் மினக்கேடு.

படி 4: கேபிள்

முத்தையன்கட்டில போய் "ஈதிடூல்" எண்ட கொமாண்டை நெட்வேர்க் கார்டின்ர பேரோட அடிச்சுப் பாத்தம், ஸ்பீட் எண்ட வரியில செக்கனுக்கு 100 மெகாபிட். மற்ற மூண்டிலயும் 1000. 80 மெகாபைட்டை எட்டால பெருக்கினா 640 மெகாபிட், 100 ஆல பிரிச்சா 6.4 செக்கன், 1000 ஆல பிரிச்சா 0.64. நாங்கள் பாத்த நேரத்தோட அச்சொட்டாப் பொருந்துது.

கேபிளைப் பிடிச்சுக்கொண்டு போனா நெல்லுமூட்டை அடுக்கின மூலைக்குப் பின்னால எலி கடிச்சிருக்கு. முழுக்க அறேல்ல. கேபிளுக்குள்ள எட்டு வயர், நாலு சோடி, கிகாபிட்டுக்கு நாலு சோடியும் வேணும், 100 க்கு ரெண்டு சோடி காணும். ரெண்டு சோடி தப்பினபடியால லைட் எரியுது, பிங் போகுது, எல்லாம் சரி மாதிரியே இருக்குது. முழுசா அறுத்திருந்தா அண்டைக்கே கண்டுபிடிச்சிருப்பம்.

படி 5: ஆரை எங்க இறக்கிறது எண்டதை நீங்களே தீர்மானியுங்கோ

ஏன் 0, 1, 2, 3 எண்டு மெசின் மெசினா சுத்தி வந்தது? மருமகன் எங்கையோ இருந்து எடுத்த ஸ்கிரிப்டில "மேப்-பை நோட்" எண்டு கிடந்தது, நோட் எண்டா மெசின். ஒவ்வொரு மெசினுக்கும் ஒவ்வொருத்தரா இறக்கிக்கொண்டு போய்த் திருப்பி முதலிலயிருந்து வாறது அந்த ஒப்ஷன். "மேப்-பை ஸ்லொட்" எண்டா முதல் மெசினை நிரப்பிப்போட்டு அடுத்ததுக்குப் போகும், அதாவது 0 இலயிருந்து 3 இரணைமடு, 4 இலயிருந்து 7 அக்கராயன். ஹோஸ்ட்ஃபைலில மெசின் பேருக்குப் பக்கத்தில ஸ்லொட்ஸ் சமன் 4 எண்டு எழுதி வைக்கிறது இதுக்குத்தான். எம்பிசிஹெச்சில எண்டா பேருக்குப் பின்னால முக்காற்புள்ளி போட்டு 4.

எது நல்லது? அது உங்கட வேலையைப் பொறுத்தது, இந்த வெள்ளக் கணக்கில பதில் நல்லாத் தெளிவு. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஸ்டெப்பிலயும் தன்ர ஓரத்து வரிசையைப் பக்கத்துத் துண்டுக்குக் குடுக்க வேணும், ரெண்டு வயலுக்கு நடுவில ஒரு வரம்பு கிடக்கிற மாதிரி, தண்ணி வரம்பைத் தாண்டுறது ரெண்டு பக்கத்துக்கும் தெரிய வேணுமே. 16 துண்டுக்கு 15 வரம்பு. ஸ்லொட் ஒழுங்கில ஓட்டினா 3 க்கும் 4 க்கும், 7 க்கும் 8 க்கும், 11 க்கும் 12 க்கும் நடுவில இருக்கிற மூண்டு வரம்பு மட்டும்தான் கேபிளைத் தாண்டும், மிச்சம் 12 உம் அந்தந்த மெசினுக்குள்ள மெமரியாலயே முடிஞ்சிடும். நோட் ஒழுங்கில ஓட்டினா 15 வரம்பும் கேபிளுக்கு மேல. ஒரே கோட், அதே மெசின், ஆனா கேபிளைத் தாண்டுற வரம்பு அஞ்சு மடங்கு. முத்தையன்கட்டின்ர பக்கத்தில மட்டும் பாத்தா, ஒரு வரிசை 80,000 பைட், நோட் ஒழுங்கில ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் எட்டு வரிசை வெளியால போகுது, ஸ்லொட்டில ரெண்டு.

நோட் ஒழுங்கு கெட்டது எண்டு சொல்லேல்ல. ப்ராசஸுகள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காமல் தன்பாட்டில மெமரியை அள்ளித் திண்டுற வேலை எண்டா, அதுவும் 16 க்குப் பதிலா 4 ப்ராசஸ் மட்டும் ஓட்டுறீங்கள் எண்டா, மெசினுக்கு ஒண்டாப் பரப்புறதுதான் நல்லது.

ஓட்ட முதல் எம்பிஐரன் என்ன திட்டம் வச்சிருக்கு எண்டு பாக்க ஓப்பன் எம்பிஐ 4 இல "டிஸ்ப்ளே-மேப்" ஒப்ஷன் இருக்கு, 5 இல அதே "டிஸ்ப்ளே" எண்டு போட்டு இடைவெளி விட்டு "மேப்". திட்டம் வேற, நடக்கிறது வேற எண்டு வரக்கூடாது, அதால இதையும் படி 3 இல வாற லிஸ்டையும் ஒருக்கா ஒப்பிட்டுப் பாத்து விடுங்கோ.

படி 6: "என்னோட இந்த மெசினில வேற ஆர் இருக்கினம்?"

பேர் அச்சடிக்கிறது மனிசருக்கு. ப்ரோகிராமுக்கே தெரிய வேண்டி வந்தா, உதாரணத்துக்கு ஒரு மெசினில ரெண்டு கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கு, எந்த ப்ராசஸ் எதை எடுக்கிறது எண்டு பிரிக்க வேணும், இல்லாட்டி மெசினுக்கு ஒரு ப்ராசஸ் மட்டும் ஃபைல் எழுத வேணும், அப்ப பேரை ஒப்பிட்டுக்கொண்டு இருக்கிறது அலுப்பு. பழைய கோடுகளில ஹோஸ்ட்நேமை ஹாஷ் பண்ணி, அதாவது எழுத்தை ஒரு நம்பராக்கி, அந்த நம்பரால குழு பிரிச்சிருப்பினம். ரெண்டு பேருக்கு ஒரே ஹாஷ் வந்தா அதோட சரி.

2012 இல எம்பிஐ 3.0 வந்த பிறகு அந்த வித்தை தேவையில்லை. எம்பிஐ_கொம்_ஸ்ப்ளிட்_டைப் எண்ட ஃபங்ஷனுக்கு எம்பிஐ_கொம்_டைப்_ஷேர்ட் எண்டு குடுத்தா, ஒரே மெமரியைப் பகிரக்கூடிய ப்ராசஸ் எல்லாத்தையும், அதாவது அனேகமா ஒரே மெசினில நிக்கிற ஆக்களை, ஒரு குழுவாக்கித் தரும். அந்தக் குட்டிக் குழுவுக்குள்ள உங்கட ரேங்க் என்னவோ அதுதான் லோக்கல் ரேங்க். கிராஃபிக்ஸ் கார்ட் பிரிக்க லோக்கல் ரேங்கை கார்ட் எண்ணிக்கையால வகுத்து மீதியை எடுத்தாக் காணும்.

மொத்தம் எத்தினை மெசின் எண்டு வேணுமெண்டா இன்னொரு படி: லோக்கல் ரேங்க் 0 ஆ இருக்கிற ஆக்களை மட்டும் எடுத்து எம்பிஐ_கொம்_ஸ்ப்ளிட்டால இன்னொரு குழு கட்டுங்கோ, மெசினுக்கு ஒரு தலைவர் மாதிரி. அந்தக் குழுவின்ர அளவு மெசின் எண்ணிக்கை, அதுக்குள்ள தலைவர்ர ரேங்க் மெசின் நம்பர், அதை அவர் தன்ர குட்டிக் குழுவுக்கு ப்ரோட்காஸ்ட் பண்ணி விட்டா எல்லாருக்கும் தெரியும். இதில வடிவு என்னெண்டா, ஹோஸ்ட்நேம் எழுத்தை நீங்கள் ஒரு இடத்திலயும் ஒப்பிடத் தேவையில்லை.

எம்பிஐ_இனிட்டுக்கு முதலே லோக்கல் ரேங்க் வேணுமெண்டா என்விரன்மென்ட் வேரியபிள் இருக்கு, ஓப்பன் எம்பிஐயில ஓஎம்பிஐ_கொம்_வேர்ல்ட்_லோக்கல்_ரேங்க். இது ஓப்பன் எம்பிஐக்கு மட்டும்தான் சரி, வேற எம்பிஐயில பேர் வேற.

படி 7: மெசின் சரி, எந்தக் கோர்?

இதைக் கொஞ்சம் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன், ஏனெண்டா நாலு கோர் மெசினில பெரிய வித்தியாசம் தெரியாது. லினக்ஸில ஸ்கெட்_கெட்சிபியு கூப்பிட்டா அந்தக் கணத்தில ஓடுற கோர் நம்பர் வரும். அந்தக் கணத்தில எண்டதுதான் முக்கியம், கட்டி வைக்காத ப்ராசஸை லினக்ஸ் மேய்ச்சல் மாடு மாதிரி ஒரு கோரிலயிருந்து இன்னொண்டுக்கு மாத்திக்கொண்டே இருக்கும், மெசின் மாத்தாது, கோர் மாத்தும். "பைன்ட்-டு கோர்" போட்டாக் கட்டி வைக்கலாம், "ரிப்போர்ட்-பைன்டிங்ஸ்" போட்டா எங்க கட்டினது எண்டு அச்சடிச்சுக் காட்டும். ஓப்பன்எம்பி (இது ஓப்பன் எம்பிஐ இல்லை, ஒரு ப்ராசஸுக்குள்ள கன த்ரெட் ஓட்டுற வேற முறை) த்ரெட் பாவிக்கிற ஆக்களுக்கு 5.0 வேர்ஷனிலயிருந்து ஓஎம்பி_டிஸ்ப்ளே_அஃபினிட்டி எண்ட வேரியபிளை ட்ரூ எண்டு வச்சா ஒவ்வொரு த்ரெட்டின்ர இடமும் வரும்.

டொப் கொமாண்டைப் பாத்து ஏமாற வேண்டாம். எம்பிஐ ப்ராசஸ் மெசேஜுக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்கயும் திருப்பித் திருப்பி வந்திட்டுதோ வந்திட்டுதோ எண்டு கேட்டுக்கொண்டே நிக்கும், அதால டொப்பில 100 வீதம் காட்டும். முத்தையன்கட்டு அப்பிடித்தான் எங்களை ஏமாத்தினது, நாலு ப்ராசஸும் 100 இல நிக்குது, பாத்தா நல்லா மாடா உழைக்கிற மாதிரி, உண்மையில கேபிளைப் பாத்துக்கொண்டு நிண்டது.

பெரிய க்ளஸ்டரில ஓட்டக் கிடைச்சா

அங்க அனேகமா ஸ்லர்ம், அதாவது வேலைகளை மெசினுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற ப்ரோகிராம், இருக்கும், எந்த மெசின் கிடைக்கும் எண்டு ஓடுற நேரம்தான் தெரியும், அதால இந்தக் கேள்வி அங்க இன்னும் முக்கியம். "எஸ்ரன் மைனஸ் எல் ஹோஸ்ட்நேம்" அடிச்சா ஒவ்வொரு வரிக்கும் முன்னால டாஸ்க் நம்பரோட மெசின் பேர் வரும். ப்ராசஸுக்குள்ள ஸ்லர்ம்_ப்ராக்ஐடி, ஸ்லர்ம்_லோக்கல்ஐடி, ஸ்லர்ம்_நோட்ஐடி எண்டு மூண்டு வேரியபிள், முதலாவது மொத்தத்தில எத்தினையாவது ஆள், ரெண்டாவது மெசினுக்குள்ள எத்தினையாவது, மூண்டாவது எத்தினையாவது மெசின். படி 3, படி 6 இல எழுதின கோட் ஒரு எழுத்து மாத்தாமல் அங்கயும் ஓடும், அதுக்காகத்தான் வேரியபிளை விட ஃபங்ஷனைப் பாவிக்கச் சொல்லுறது.

டொக்கர் கொன்டெய்னருக்குள்ள ஓட்டினா ஹோஸ்ட்நேமா 12 எழுத்தில ஏதோ நம்பரும் எழுத்தும் கலந்து வரும், அது கொன்டெய்னர்ர ஐடி, மெசின் பேர் இல்லை. கொன்டெய்னரை ஸ்டார்ட் பண்ணேக்க ஹோஸ்ட்நேம் ஒப்ஷனால நீங்களே பேர் குடுத்து விடுங்கோ.

எல்லாரும் தன்னை 0 எண்டு சொன்னா

இதைக் கேட்டு எனக்குக் கனபேர் மெசேஜ் போட்டிருக்கினம். 16 ப்ராசஸ் ஓட்டினா 16 வரி வருது, ஆனா எல்லாத்திலயும் "ரேங்க் 0, மொத்தம் 1". மெசின் பேர் சரியா வேற வேறயா வருது, ரேங்க் மட்டும் பிழை. இது கோட் பிழை இல்லை, மெசினில ஓப்பன் எம்பிஐயும் எம்பிசிஹெச்சும் ரெண்டும் இன்ஸ்டோல் ஆகி, ஒண்டால கொம்பைல் பண்ணி மற்றதின்ர எம்பிஐரன்னால ஓட்டியிருப்பீங்கள். ட்ராக்டர் ஒரு முதலாளியின்ரது, ஆக்கள் இன்னொரு முதலாளியின்ர ஆக்கள், அதால ஒவ்வொருத்தரும் தான் தனிய வந்தது எண்டு நினைச்சு வேலை செய்யினம். "விச் எம்பிஐரன்", "விச் எம்பிஐசிசி" எண்டு ரெண்டையும் அடிச்சுப் பாருங்கோ, பிறகு "எம்பிஐரன்" க்கு வேர்ஷன் ஒப்ஷன் குடுத்து எல்லா மெசினிலயும் ஒரே ஆள்தான் நிக்குதோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. பைதனில எண்டா எம்பிஐ4பை எந்த எம்பிஐயோட கட்டினது எண்டதையும் பாக்க வேணும்.

மருமகன் இப்ப ஒவ்வொரு ரன்னின்ரயும் அவுட்புட் ஃபைலில முதல் 16 வரியா அந்த ரேங்க், மெசின் லிஸ்டை எழுதிப்போட்டுத்தான் கணக்கைத் தொடங்குறான், அதோட ஒவ்வொருத்தருக்கும் துண்டு போய்ச் சேர்ந்த நேரத்தையும் பக்கத்திலயே போடுறான். புதுக் கேபிளை பிவிசி பைப்புக்குள்ளால இழுத்து விட்டம், ஈதிடூலில 1000 வந்திட்டுது. ஸ்லொட் ஒழுங்குக்கு மாத்தினதால முத்தையன்கட்டில இப்ப 8, 9, 10, 11 தான் நிக்குது, நாலு பேருக்கும் துண்டு ஒரு செக்கனுக்குள்ள போகுது.